சிட்னி கிடந்த இடம்

ஊரை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆன பின்னரும் நம்மை விட்டுப் போகாத சொற்கள் சில உண்டு. 'எம்டன்' என்பது அவற்றுள் ஒன்று. சில மாதங்களுக்கு முன் தஞ்சையிலிருந்து தில்லிக்கு வந்து நமது இல்லத்தில் தங்கியிருந்த பெரிய அத்தை, நம் மகன் செய்த ஏதோ ஒரு குறும்பைக் கண்டு, "அடே அப்பா, இவன் சரியான எம்டன்!" என்றார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அவன். "பாட்டி, எம்டன் என்றால் ஹிந்தியில் என்ன?" என்று கேட்டு விட்டான். அத்தை நம்மைப் பார்த்தார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டு, மத்திய சர்க்காரின் கோப்புகளோடு இருபது ஆண்டுகளாக மல்லாடி வரும் நமக்கு அந்த ஒரு சொல்லுக்கு நேரான சொல் கிடைக்கவில்லை. கதையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் புகுந்த கதையோ சென்னையில் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் போய் நின்றது. அந்தக் கதையையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டுமாரி பொழிந்ததும், துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்ததும், நகர மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடியதும் நம் பாட்டன் பாட்டியர் வாய்வழியாக நாம் கேட்டிருப்பவை. அந்த எம்டனின் முடிவு அத்தனை பேருக்குத் தெரிவதில்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே கோக்கோஸ் தீவுகளின் அருகில், ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த 'சிட்னி' என்னும் கப்பல் அதை எதிர்கொண்டு அடித்து நொறுக்கிக் கரை தட்டச் செய்தது. அந்தச் சிட்னி வயதாகி உடைக்கப்பட்ட பின், அதே பெயரைத் தாங்கி 1935-இல் கடற்படையில் சேர்ந்தது இரண்டாவது சிட்னி. நமது கதை இந்த இரண்டாவது சிட்னியைப் பற்றியது.

இரண்டாம் உலகப் பெரும்போரின் தொடக்க ஆண்டுகளில் ஆஸ்திரேலிய மக்களின் செல்லக் கப்பலாக இது விளங்கிற்று. 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில் இத்தாலியரின் 'பார்த்தலோமியோ கொலியோனி' என்னும் குரூஸர் கப்பலை வீழ்த்திய பெருமை இதற்கு உண்டு. 1941 பிப்ரவரியில் தன் பெயர் கொண்ட நகரத்துக்குத் திரும்பியபோது ஊரே வீதியில் திரண்டு நின்று வரவேற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு துருப்புக் கப்பலைச் சுந்தா நீரிணை வரை காவலாகக் கொண்டு சென்று விட்டுவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தது. நவம்பர் 20-ஆம் நாள் பிரீமேண்டில் துறைமுகத்தை அடைய வேண்டும். அடையவில்லை. கப்பலும் வரவில்லை, கம்பியில்லாத் தந்திச் செய்தியும் வரவில்லை. அதில் இருந்த 645 பேரில் ஒருவர் கூட உயிருடன் திரும்பவில்லை.

நடந்தது என்ன என்பதைச் சொல்லக் கூடியவர்கள் உலகிலேயே ஒரு சாரார்தாம் இருந்தனர். அவர்கள் எதிரிகள்.

அந்த நவம்பர் மாதத்தின் கடைசி நாட்களில் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் தெப்பங்களிலும் படகுகளிலும் மிதந்து கொண்டிருந்த ஜெர்மானியரைச் சில கப்பல்கள் கண்டு ஏற்றிக்கொண்டன. வேறு சிலர் தாமாகவே படகைச் செலுத்தி வறண்ட கரை ஒன்றில் வந்து ஒதுங்கினர். மொத்தம் 318 பேர். அவர்கள் 'கார்மோரான்' என்னும் கப்பலைச் சேர்ந்தவர்கள். பார்வைக்கு வெறும் சரக்குக் கப்பல். உள்ளேயோ மறைவிடங்களில் ஆறு பெரும் பீரங்கிகளும் டார்ப்பிடோக் குழாய்களும் நூற்றுக்கணக்கான கடற்கண்ணிகளும். வேடத்தை மாற்றி மாற்றிச் சமுத்திரங்களில் உலவி, நேச நாட்டு வணிகக் கப்பல்கள் பதினொன்றைப் பிடித்தோ மூழ்கடித்தோ இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நமது வங்காள விரிகுடாவிற்கே வந்து, சென்னைத் துறைமுகத்தின் வாயிலிலும் கல்கத்தாத் துறைமுகத்தின் வாயிலிலும் கண்ணிகளை விதைத்து விட்டுப் போகத் திட்டமிட்டிருந்தது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், எம்டனோடு கார்மோரானும் நம் மொழியில் ஒரு சொல்லாகி இருக்குமோ என்னவோ!

அந்த ஜெர்மானியர் கூறியது இது. நவம்பர் 19-ஆம் நாள் மாலை சிட்னி எங்களைக் கண்டு நெருங்கி வந்தது. நாங்கள் 'ஸ்ட்ராட் மலக்கா' என்ற டச்சுக் கப்பலின் பெயரைச் சூடியிருந்தோம். சிட்னி கொடி மூலம் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தது. நாங்களும் தாமதமாகவும் தடுமாற்றமாகவும் விடை அளித்துக்கொண்டே இருந்தோம். இறுதியில் ஐ, கே என்ற இரண்டு எழுத்துக்களை அது ஏற்றியது. அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பாளனின் மனம் இத்தகைய இடங்களில் நின்றுதான் போகிறது. உண்மையான ஸ்ட்ராட் மலக்காவுக்கு நான்கு எழுத்துக்கள் கொண்ட ஓர் இரகசியக் குறி உண்டு. அதன் நடு எழுத்துக்கள் இரண்டையும் சிட்னி காட்டியது. உண்மைக் கப்பலாயின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் திருப்பிக் காட்டியிருக்கும். ஆனால் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவான சமிக்ஞைப் புத்தகத்தைப் புரட்டினால், ஐ, கே என்பதற்கு "புயலுக்கு ஆயத்தமாகுக" என்று பொருள். தெளிந்த வானத்தின் கீழே நின்று கொண்டு எதிரி ஏன் புயலைப் பற்றிப் பேசுகிறான்? பொருள் தெரிந்தும் கருத்து விளங்காத நிலை. நமது அலுவலகத்தில் அப்படிப்பட்ட நிலையில் நாம் பென்சிலைக் கீழே வைத்து விட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவோம். கார்மோரானின் தளபதி தியோடோர் டெட்மெர்ஸ் வேடத்தைக் களைந்தார், ஜெர்மானியக் கொடியை ஏற்றினார், சுடும்படி ஆணையிட்டார்.

அப்போது இரு கப்பல்களுக்கும் இடையே இருந்த தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். தூர நின்று போரிட்டிருந்தால் சிட்னியின் கையே ஓங்கியிருக்கும். அவ்வளவு அருகில், முதல் சில நிமிஷங்களிலேயே அதன் கட்டளை மேடை தகர்ந்தது. ஒரு டார்ப்பிடோ கப்பலின் முன்பகுதியைக் கிழித்தது. அந்த நிலையிலும் சிட்னியின் பின்புறப் பீரங்கிகள் திருப்பிச் சுட்டுக் கார்மோரானின் எஞ்சின் அறையில் தீ மூட்டின. அரை மணி நேரத்தில் இரண்டு கப்பல்களும் அழிவின் வாயிலில் நின்றன. சிட்னி எரிந்துகொண்டே தென்கிழக்குத் திசையில் மெல்ல விலகிப் போயிற்று. இரவு நெடுநேரம் வரை அதன் தீயொளி அடிவானத்தில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. எங்கள் கப்பலில் தீ கண்ணிகளை நெருங்கியதால் படகிறங்கினோம். நள்ளிரவுக்குப் பின் அது வெடித்துச் சிதறியது.

எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, தென் அட்சரேகை 26 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 111 பாகை என்றார் டெட்மெர்ஸ்.

இதை நம்புவதா? பிரதம மந்திரி கர்ட்டின், சிட்னி இழக்கப்பட்டதை நவம்பர் 30-ஆம் நாள்தான் பகிரங்கமாக அறிவித்தார். அதற்குள் ஊரெங்கும் கிசுகிசு பரவியிருந்தது. வேடமிட்ட ஒரு வணிகக் கப்பலிடம் ஒரு போர்க்கப்பல் தோற்பதா? தோற்றாலும் 645 பேரில் ஒருவர் கூடவா பிழைக்கவில்லை, எதிரிகளில் முந்நூறுக்கு மேற்பட்டவர் பிழைத்திருக்க? மகனைப் பறிகொடுத்த தாயின் உள்ளத்தில் எழும் கேள்விகள் இவை. இவற்றில் தவறு காண நமக்கு மனம் வரவில்லை. ஜெர்மானியர் வெள்ளைக் கொடி காட்டி ஏமாற்றினர் என்றும், நீரில் தத்தளித்தவர்களைச் சுட்டுக் கொன்றனர் என்றும், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மறைந்திருந்து தாக்கியது என்றும் பல பேச்சுக்கள் கிளம்பின. 1957-இல் வெளியான அதிகாரபூர்வமான போர் வரலாறு ஜெர்மானியர் கூற்றை ஏற்றுக்கொண்டது, ஐயம் தீரவில்லை. சிட்னியில் மாண்ட ஓர் அதிகாரியின் மகன் 1981-இல் ஒரு நூல் எழுதி, ஜப்பானியரின் கை அதில் இருந்ததாக வாதாடினார். 1990-களில் பாராளுமன்றக் குழுவொன்றே இதை விசாரித்தது. கப்பல் கரைக்கு அருகில்தான் கிடக்கிறது, ஜெர்மானியர் சொன்ன இடம் கட்டுக்கதை என்று உறுதியாக நம்பியவர்கள் இருந்தனர்.

அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று நம் கவனத்தைப் பெரிதும் கவர்ந்தது. கைதிகளில் ஏறத்தாழ எழுபது பேர் போர் நடந்த இடத்தைப் பற்றி ஏதோ ஒரு வகையில் சொல்லியிருந்தனர். ஒருவர் சொன்னது போல் மற்றொருவர் சொல்லவில்லை. ஒருவர் கரையிலிருந்து இத்தனை மைல் என்றார். ஒருவர் வேறொரு பாகையைச் சொன்னார். படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கடலெங்கும் புள்ளிகள். இவ்வளவு முரண்பாடா, அப்படியானால் பொய்தான் என்பது அவர்கள் வாதம்.

பல மொழிகளில் வரும் ஒரே செய்தியை ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வாதம் முதலிலிருந்தே தலைகீழாகத் தோன்றிற்று. பத்துப் பேர் ஒரே நிகழ்ச்சியைப் பத்து விதமாகச் சொன்னால், நிகழ்ச்சி ஒன்று உண்டு என்று கொள்ளலாம். பத்துப் பேரும் ஒரே சொல்லில், அரைப்புள்ளி முற்றுப்புள்ளி பிசகாமல் சொன்னால், அவர்கள் பத்துப் பேரும் யாரோ ஒருவர் எழுதியதைப் படி எடுத்திருக்கிறார்கள் என்பதே பொருள். இதை நாம் வெறும் அனுபவ ஞானமாகச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவில் டன், கிர்ஸ்னர் என்ற மனோதத்துவ அறிஞர்கள் இருவர் இதையே சாஸ்திர ரீதியாகச் செய்தனர். மனித நினைவு ஒரு செய்தியை எப்படிக் குழப்பும், கேட்டதைக் கண்டதாக எப்படி மாற்றும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகும்போது எண்கள் எப்படித் தேயும் என்பதைத் துறைபோகக் கற்றவர்கள் அவர்கள். கைதிகளின் கூற்றுக்கள் சிதறியிருந்த விதம், ஓர் உண்மையான இடத்தைச் சுற்றி நினைவுகள் இயல்பாகச் சிதறும் விதத்தைப் போன்றே இருந்தது என்று அவர்கள் கண்டனர். எல்லாக் கூற்றுக்களையும் கணக்கிட்டு, கார்மோரான் இங்கே இருக்கலாம் என்று ஒரு புள்ளியைக் குறித்தனர்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. போர்க்கைதியாக விக்டோரியா மாகாணத்து முகாமில் இருந்தபோது, டெட்மெர்ஸ் தம்மிடம் இருந்த ஜெர்மன்–ஆங்கில அகராதியில், அச்சிட்ட எழுத்துக்களின் கீழே கண்ணுக்குப் புலனாகாத சிறு சிறு புள்ளிகளை இட்டு, போரின் முழு விவரத்தையும் மறைமொழியில் எழுதி வைத்திருந்தார். தம் நாட்டு மேலதிகாரிகளுக்காக எழுதியது அது. ஆஸ்திரேலியரை ஏமாற்றுவதற்காக எழுதியது அன்று. அதைப் படித்தறிந்தபோது, விசாரணையில் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அகராதி நமது தொழிற்கருவி. அதைச் சொல்லுக்குப் பொருள் காண எடுத்திருக்கிறோம். சில வேளை மேசைக்கால் ஆடாமலிருக்க அண்டை கொடுத்தும் இருக்கிறோம். ஒரு கப்பலின் மரணத்தை அதற்குள் எழுதி வைக்கலாம் என்பது நமக்குத் தோன்றியதில்லை.

1947 ஜனவரியில் அந்தக் கைதிகள் தாயகம் திரும்பக் கப்பலேறினர். துறைமேடையின் மறுபக்கத்தில் ஒரு டச்சுக் கப்பல் கட்டப்பட்டிருந்தது. அதுதான் உண்மையான ஸ்ட்ராட் மலக்கா!

இனித் தேடுதலுக்கு வருவோம். இதற்கென அமைந்த அறக்கட்டளையொன்று பல்லாண்டு முயன்று, அரசாங்கத்தின் பொருளுதவியைப் பெற்றது. தேடுதலை நடத்தும் பொறுப்பு டேவிட் மேர்ன்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2001-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஹூட்டை வட அட்லாண்டிக்கின் ஆழத்தில் கண்டுபிடித்தவர் அவர். அவர் செய்த முதற்காரியம் கடலுக்குப் போனது அன்று. ஆவணக் காப்பகங்களில் போய் உட்கார்ந்தது. விசாரணைக் குறிப்புகளையும், அவற்றின் மொழிபெயர்ப்புகளையும், மூல ஜெர்மன் ஏடுகளையும் ஒத்துப் பார்த்து, அவரும் ஜெர்மானியர் உண்மையே சொன்னார்கள் என்ற முடிவுக்கு வந்தார். முதலில் கார்மோரானைத் தேடுவது. அது கிடைத்தால், எரியும் சிட்னி எந்தத் திசையில் விலகிப் போயிற்று என்ற கூற்றைக் கொண்டு சிட்னியைத் தேடுவது. எதிரியின் சொல்லை நம்பி இறங்கியது அந்தத் தேடுதல். அந்தச் சொல் பொய்யானால் பணமும் போகும். இனி எவரும் தேட முன்வரவும் மாட்டார்கள்.

அவ்வளவு ஆழத்தில் சூரிய ஒளி கிடையாது. கண்ணால் தேட இயலாது. ஒலியால்தான் தேட வேண்டும். சோனார் என்னும் கருவியைப் பல கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தில் கட்டி, கடலடிக்கு மேலே சில நூறு மீட்டர் உயரத்தில் மிதக்குமாறு கப்பல் இழுத்துச் செல்கிறது. கருவி இரு பக்கமும் ஒலியை வீசுகிறது. மெத்தென்ற சேறு அந்த ஒலியை விழுங்கி விடும். பாறையும் இரும்பும் பளிச்சென்று திருப்பி அனுப்பும். திரும்பிய ஒலி படமாக விழுகிறது. வயலில் சால் சாலாக உழுவது போல, கடற்பரப்பைக் கோடு கோடாக உழுது வர வேண்டும். மணிக்கு இரண்டு மூன்று கடல் மைலுக்கு மேல் வேகம் கூடாது. ஒரு சால் முடிந்து அடுத்த சாலுக்குத் திரும்ப, வடம் அவ்வளவு நீளமாதலால், பல மணி நேரம் ஆகும். நம் ஊர் உழவர் மாடு திருப்பும் நேரத்தை நினைத்துக் கொண்டு நேயர்கள் இதைக் கணக்கிடலாகாது. குறித்திருந்த பரப்போ 52 கடல் மைல் நீளம், 34 கடல் மைல் அகலம்.

2008 மார்ச் மாதத்தில் 'ஜியோசவுண்டர்' என்ற கப்பல் இந்தத் தேடுதலுக்குப் புறப்பட்டது. தொடக்க நாட்களைக் கருவிக் கோளாறும் கடலின் சீற்றமும் விழுங்கின. மார்ச் 12-ஆம் நாள் படத்தில் பளிச்சென்ற குறிகள் விழுந்தன. வெடித்துச் சிதறிய ஒரு கப்பலின் துண்டுகள், 2,560 மீட்டர் ஆழத்தில். கார்மோரான்! டெட்மெர்ஸ் சொன்ன 26, 111 என்ற இடத்திலிருந்து ஏழு கடல் மைல் தொலைவுதான். மனோதத்துவ அறிஞர்கள் குறித்திருந்த புள்ளியோ அதற்கும் அருகில், மூன்று கடல் மைலுக்குள். நான்கு நாள் கழித்து, மார்ச் 16-ஆம் நாள், அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கடல் மைல் தள்ளி, 2,468 மீட்டர் ஆழத்தில் சிட்னி கிடந்தது. அறுபத்தாறு ஆண்டுகள் நாலு மாதங்கள் அது அங்கேயே கிடந்திருக்கிறது, ஜெர்மானியர் கைகாட்டிய திசையிலேயே.

பின்னர் ஒளிவிளக்கும் காமிராவும் பூட்டிய இயந்திரத்தை ஆழத்தில் இறக்கிப் படம் எடுத்தனர். மீனவர் அணியம் என்று சொல்லும் முன்பகுதி இல்லாமல், கப்பலின் உடல் நிமிர்ந்தவாறே கடலடியில் அமர்ந்திருந்தது. அணியம் தனியே ஒடிந்து அப்பால் கிடந்தது. டார்ப்பிடோ கிழித்த இடம் அது. அது முறிந்த கணத்தில் கப்பல் விரைந்து மூழ்கியிருக்க வேண்டும். உடலில் குண்டு துளைத்த இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினர். பெரும் பீரங்கிக் குண்டுகள் மட்டுமே எண்பதுக்கு மேல் பாய்ந்திருந்தன. உயிர்காப்புப் படகுகளின் சிதைவுகள் சுற்றிலும் கிடந்தன. ஒருவர் கூடவா பிழைக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படகுகளே விடை சொல்லின. நீதிபதியாய் இருந்த டெரன்ஸ் கோல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 2009-இல் அறிக்கை தந்தது. ஜப்பானிய நீர்மூழ்கி எதுவும் அங்கில்லை. நீரில் தத்தளித்தவர்களைச் சுட்டதற்கு ஆதாரம் இல்லை. ஜெர்மானியர் கூற்று சாராம்சத்தில் உண்மை என்றது.

ஒன்று மட்டும் எவருக்கும் விளங்கவில்லை. சிட்னியின் தளபதி ஜோசப் பர்னெட் ஏன் அவ்வளவு அருகில் சென்றார்? அறிக்கை அதைப் பிழை என்று கூறுகிறது. பாதி நம்பிக்கையும் பாதி ஐயமும் கொண்டு, நல்ல கப்பலாயிருந்தால் வீணாகச் சுட்டு விடக் கூடாதே என்று நெருங்கினாரோ? அவருடன் கட்டளை மேடையில் நின்றவர்கள் அனைவரும் அவருடனேயே போய்விட்டனர். இரும்பு தன்மேல் பட்ட அடிகளைச் சொல்லும். அதைச் செலுத்தியவர் நெஞ்சில் ஓடியதைச் சொல்லாது. இறந்தவர்மேல் பழி போட்டு விட்டுக் கோப்பை மூடுவது எளிது. நமக்கு அதில் விருப்பமில்லை.

சிட்னியை எவரும் மேலே தூக்கவில்லை. தூக்கப் போவதும் இல்லை. இரு கப்பல்களும் மாண்டவர்களின் சமாதிகளாகச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. ஆழமும் அவற்றுக்குக் காவல். இந்தக் காவல் எல்லாக் கப்பல்களுக்கும் வாய்ப்பதில்லை. 1942 பிப்ரவரி 27-ஆம் நாள் ஜாவாக் கடல் போரில் மூழ்கிய 'டி ரெய்டர்', 'ஜாவா' என்ற டச்சுக் குரூஸர்களைக் காண 2016-இல் முக்குளிப்போர் சென்றபோது, கப்பல்கள் கிடந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. ஆழம் குறைந்த கடலாதலால், பழைய இரும்புக்காகத் திருடர்கள் முழுக் கப்பலையே அள்ளிக்கொண்டு போய்விட்டனர். நூற்றுக்கணக்கான மனிதர்களின் கல்லறை பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. நமது குக்ரி கப்பலும் அரபிக் கடலின் அடியில்தான் உறங்குகிறது. 1971 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, தியூவுக்கு அப்பால், 18 அதிகாரிகளுடனும் 176 மாலுமிகளுடனும் மூழ்கியது அது. தளபதி மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடே போனார். குஜராத்தில் வாழும் நேயர்கள் தியூவுக்குப் போனால் குன்றின்மேல் அமைந்த நினைவிடத்தைக் காணலாம்.

சிட்னிக்கும் அத்தகைய நினைவிடம் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் நகரில், கடலைப் பார்த்த குன்றின்மேல் இருக்கிறது. கப்பல் கிடைப்பதற்கு முன்னரே, 2001-இல் அமைக்கப்பட்டது. மேலே குவிந்த விதானம் முழுவதும் எஃகினால் ஆன கடற்பறவைகள், எண்ணிக்கை 645. அருகே காற்றில் ஆடை பறக்க, தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, கடலையே நோக்கி நிற்கும் ஒரு பெண்ணின் சிலை. காத்திருக்கும் பெண் என்று அதற்குப் பெயர். கப்பல் கிடைத்த பின் அங்கே ஒரு குளம் அமைத்து, 646-ஆவது பறவை ஒன்றை நிறுத்தினர். சிட்னி கிடக்கும் இடத்தை அதன் சிறகு நுனி காட்டுகிறது.

அந்த 645 பேரில் ஒருவரைப் பற்றி இறுதியாகச் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 6-ஆம் நாள், போர் நடந்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் தீவின் கரையோரம் ஒரு மிதவை வந்தது. அதில் மாலுமி உடையணிந்த ஒருவரின் உடல், அடையாளம் காண இயலாத நிலையில் இருந்தது. தீவு மக்கள் மரியாதையுடன் அடக்கம் செய்தனர். சில வாரங்களில் தீவு ஜப்பானியர் வசமாயிற்று, குறிப்புகள் மறைந்தன, சமாதி இருந்த இடமும் மறந்தது. 2006-இல் அதைத் தேடிக் கண்டு எலும்புகளை எடுத்தனர். மண்டையோட்டில் இருந்த உலோகத் துண்டு துப்பாக்கித் தோட்டா என்று சிலர் முன்பு சொன்னதுண்டு. சோதித்ததில் அது வெடித்த பீரங்கிக் குண்டின் சிதறல் என்று தெரிந்தது. 2008-இல் ஜெரால்ட்டன் போர்வீரர் இடுகாட்டில் இராணுவ மரியாதையுடன் அவரை மீண்டும் அடக்கம் செய்தனர், பெயரில்லாமலே. அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை வைத்துக்கொண்டு, வம்சாவளிப் பட்டியல்களின் வழியே உறவினரைத் தேடும் வேலை பின்னரும் பல ஆண்டுகள் நடந்தது. சிட்னி மூழ்கி எண்பது ஆண்டுகள் நிறைந்த 2021 நவம்பர் 19-ஆம் நாள் பெயரை அறிவித்தனர். தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேன் நகரத்தவர், கப்பலில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன, வயது 21.